'ட்ரீட்மென்ட்' என்னும் ஒற்றைச் சொல்

அழகு நிலையங்களின் விலைப்பட்டியலில் 'ட்ரீட்மென்ட்' என்ற தலைப்பின் கீழ் இரு வேறு செயல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று டீப் கண்டிஷனிங். மற்றொன்று கெராட்டின், ரீபாண்டிங் போன்ற நேராக்கல். முன்னது சுருட்டை முடியைச் சுருளாகவே பேணுவது. பின்னது சுருளையே நீக்குவது. எதிரெதிர் நோக்கங்களை ஒரே சொல்லால் குறிப்பது வெறும் மொழிச்சிக்கல் அன்று. 'டேமேஜ்', 'ரிப்பேர்' முதலிய சொற்களும் உடன்சேரும்போது, இயல்பான சுருளே தீர்க்கப்படவேண்டிய நோயாகிவிடுகிறது.

தோலுக்கு வெளியே வளர்ந்த முடி உயிரற்ற இழை. அதற்கு ஊட்டம் செலுத்த இயலாது. புண்போல் அது ஆறுவதுமில்லை. கண்டிஷனரின் நேர்மின்னேற்ற மூலக்கூறுகள், எதிர்மின்னேற்றம் மிகுந்த தேய்ந்த பகுதிகளில் படிந்து உராய்வைக் குறைக்கின்றன. அடுத்தடுத்த அலசலில் அப்படலம் நீங்கிவிடும். அவ்வளவே. ஆயினும் சுருட்டை முடிக்கு இது பேருதவி. தலையில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைக் கடந்து நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. இழை வறண்டு, சிக்கெடுக்கையில் முறிகிறது.

விடுதியின் உப்புத்தண்ணீரில் மூன்று மாதங்களாக இதைச் செய்து பார்க்கிறேன். வாரம் ஒருமுறை, அலசிய ஈரமுடியில் தடவி, அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து, 20 நிமிடம் துண்டு சுற்றி வைத்தபின் அலசுவது. சீப்போடு வரும் முடி குறைந்திருக்கிறது. சுருள் அப்படியே இருக்கிறது, இருக்கவேண்டியதும் அதுவே.

நேராக்கல் இத்தகையதன்று. ரீபாண்டிங், முடியின் டைசல்பைடு பிணைப்புகளை முறித்து மாற்றியமைக்கிறது. கெராட்டின் நேராக்கலுக்கான கலவைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு உள்ளது, அல்லது சூடேற்றும்போது வெளிப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென வகைப்படுத்தியுள்ளது. வாடிக்கையாளர் சில மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். காற்றோட்டமற்ற அறையில் நாள்தோறும் அந்த ஆவியைச் சுவாசிப்பவர் அங்கே பணிபுரியும் பெண்.

நேர்காணலுக்குச் செல்லும் மாணவியிடம் "ஒரு ட்ரீட்மென்ட் எடுத்துக்கொள்ளேன்" என்கிறோம். எந்த ட்ரீட்மென்ட் என்று சொல்பவரும் விளக்குவதில்லை, கேட்பவரும் வினவுவதில்லை. சொற்பொருளை ஆராயும் நாமாவது ஒன்றைப் பேணல் என்றும், மற்றொன்றை நேராக்கல் என்றும் பிரித்துச் சொல்லலாம். நேராக்கிக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் தாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை அறிந்து தேர்ந்தெடுக்க, முதலில் அதற்குச் சரியான பெயர் வேண்டும்.