வயது கேட்காதீர்கள்

அக்டோபர் 31ந் தேதி இரவு வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன் முன் ஒரு தட்டில் உணவையும் பரிமாறிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? 'பைத்தியம்' என்பார் ஒருவர். 'ஆஹா, இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்!' என்று உருகுவார் இன்னொருவர். இரண்டு பேருமே யோசிக்காமல் பேசுகிறார்கள் என்பது என் கட்சி. அதிலும் உருகுகிறவர்தான் அதிக ஆபத்தானவர்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கெல்டிக் மொழி பேசிய மக்கள் வருஷத்தை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். மே 1ல் கோடைப் பாதி பிறக்கும்; நவம்பர் 1ல் குளிர்ப் பாதி பிறக்கும். பொழுது சாய்ந்தாலே மறுநாள் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே அக்டோபர் 31 மாலையே குளிர்காலத்தின் வாசல். அதற்குப் பெயர் 'சாவின்'. ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இன்றும் அதுதான் பெயர். தமிழ்க் காதில் இந்தச் சொல் விழுந்ததும் வேர்ச்சொல் தோண்டக் கடப்பாரையோடு கிளம்பிவிட வேண்டாம். நம் சாவுக்கும் அதற்கும் ஓர் உறவும் கிடையாது. காதுக்கு ஒன்றாகக் கேட்டால் உறவு, பழசாக இருந்தால் உண்மை என்று நினைப்பது ஒரு வியாதி. அந்த வியாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல இடங்களில் இன்று இந்த நாளைத் தனி மனிதர்கள் தங்கள் வீட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு சடங்காக நடத்துகிறார்கள். அதற்கான புத்தகங்களும் சாமான்களும் நன்றாக விற்கின்றன. 'கெல்டிக் வருஷப் பிறப்பு, அறுபடாத ஆதிப் பழக்கம்' என்பது விற்கிறவர்களின் பல்லவி.

அறுபடாததுதானா? 1897ல் பிரான்சில் கொலினி என்ற ஊரில் ஒரு வெண்கலப் பஞ்சாங்கம் துண்டு துண்டாகக் கிடைத்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் 'சமோனியோஸ்' என்று ஒரு மாதமும், அந்த மாதத்து மூன்று இரவுகளும் குறித்திருக்கின்றன. அந்த மாதம் கோடையில் வந்ததா, இலையுதிர் காலத்தில் வந்ததா என்பதிலேயே அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. 'வருஷப் பிறப்பு' என்ற யோசனை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்போர்டில் கெல்டிக் பேராசிரியராக இருந்த ஜான் ரீஸ் சொன்னது. அதை ஃப்ரேஸர் எடுத்துக்கொண்டு உலகமெல்லாம் பரப்பினார். 1996ல் ரொனால்ட் ஹட்டன் என்ற சரித்திரப் பேராசிரியர் எல்லாவற்றையும் சலித்துப் பார்த்து, இதற்குச் சான்று போதாது என்று எழுதிவிட்டார். இறந்தவர்களுக்கென்று நவம்பர் 2ஐ ஒதுக்கிப் பரப்பியது, கி.பி. 1000ஐ ஒட்டி க்ளூனி மடத்துத் தலைவராக இருந்த ஓடிலோ. பேசாமல் சாப்பிடும் அந்த விருந்தும் கிராமத்துப் பெண்கள் வரப்போகிற கணவனின் முகத்தைப் பார்ப்பதற்காகச் செய்த விளையாட்டுத்தான். நீத்தாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

'அப்படியானால் எல்லாம் புரட்டு' என்று கைதட்டுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளவும் நான் தயாராக இல்லை. பழசு என்று விற்கிறவரும், பழசில்லை என்று சிரிக்கிறவரும் கேட்பது ஒரே கேள்விதான்: சடங்கின் வயது என்ன? ஒரு சடங்கிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. அது என்ன வேலை செய்கிறது, செய்கிறவனிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்று கேட்க வேண்டும்.

சாவின் நாள் அந்த மக்களுக்குக் கணக்குத் தீர்க்கும் நாளாக இருந்தது. கோடை முழுவதும் மலை மேய்ச்சலுக்குப் போயிருந்த மாடுகள் வீடு திரும்பின. உலர்த்திச் சேர்த்த புல் இவ்வளவு, மாடுகள் இத்தனை. எதைக் காப்பாற்றுவது, எதை வெட்டி உப்புப் போட்டு வைப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். மனசு இளகி ஒரு மாட்டை அதிகம் வைத்துக்கொண்டால் பிப்ரவரியில் எல்லா மாடும் பட்டினி. பிற்காலத்தில் ஐரிஷ் குத்தகைக்காரர்கள் பணம் கட்ட வேண்டிய தவணைகளும் மேயும் நவம்பருமாகவே இருந்தன. அந்த நாளுக்கு மேல் வேலியோரத்துப் பிளாக்பெர்ரிப் பழத்தைத் தின்னக் கூடாது. பூக்கா என்ற பேய் அதன்மேல் துப்பிவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். குளிரிலும் ஈரத்திலும் பழம் பூஞ்சை பிடித்துவிடும் என்ற அறிவைப் பேய் சுமந்து திரிந்தது, அவ்வளவுதான்.

இறந்தவர்கள் இரவிலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். கணப்பைச் சுத்தம் செய்து நெருப்பை விட்டுவைப்பார்கள். மேஜைமேல் ஒரு பாத்திரத்தில் ஊற்றுத் தண்ணீர். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அந்த வீட்டில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. இவற்றை இருபதாம் நூற்றாண்டில் கிராமத்துக் கிழவர்களிடம் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். பாட்டி செய்தாள் என்பது போதாதா? பாட்டிக்கு முன்னால் இரண்டாயிரம் வருஷத்தை எதற்குக் கட்டி இழுக்க வேண்டும்?

விற்பனைக்காரர்கள்மேல் என் குற்றச்சாட்டு இதுதான்: அவர்கள் கணக்கை எடுத்துவிட்டு மயக்கத்தை மட்டும் விற்கிறார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். டோனிகால் பகுதியிலிருந்து வந்த அப்படி ஒன்றின் அச்சு மேயோவில் உள்ள தேசியக் காட்சிசாலையில் இருக்கிறது, பயங்கரமான முகம். அமெரிக்காவில் அந்த இடத்தைப் பூசணிக்காய் பிடித்துக்கொண்டது. பூசணிக்காயோடு எனக்குச் சண்டை இல்லை. யாரும் எதையும் இழக்காத சடங்கோடுதான் சண்டை. வாசனை மெழுகுவர்த்தியை வாங்கி, ஏற்றி, படம் பிடித்து, அணைத்துவிட்டால் அது அலங்காரம். அதற்குச் சடங்கு என்று பெயர் வைக்காதீர்கள்.

நான் கதை எழுதுகிறவன். எதையும் ஓர் ஆளை வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். டப்ளினில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் தாயார் இறந்துவிட்டாள். மாதா கோவிலுக்குப் போகும் பழக்கம் விட்டுப்போயிற்று. ஆறுதல் சொன்னவர்கள் மூன்றாவது மாதம் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நவம்பர் பிறக்கும்போது அங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் ஒன்பதரை மணி நேரம்தான், டிசம்பர் கடைசிக்குள் அதுவும் ஏழரையாகச் சுருங்கிவிடும். அன்று இரவு அவள், இத்தனை நாளும் தொடாத தாயாரின் அலமாரியைத் திறக்கிறாள். எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று பிரிக்கிறாள். பிறகு இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட உட்காருகிறாள். எந்த மாட்டை வைத்துக்கொள்வது என்று யோசித்த குடியானவன் செய்ததைத்தான் இவளும் செய்கிறாள். அவளிடம் போய், 'அம்மா, இதற்குக் கொலினியில் ஆதாரம் இல்லையே' என்று சொல்லப் போகிறீர்களா?

இதை என்றைக்கு வேண்டுமானாலும் செய்யலாமே என்று கேட்பார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் என்றால் என்றைக்கும் இல்லை என்று அர்த்தம். துக்கம் தவணை கேட்கும். தேதி ஒன்றுதான் அதை மறுக்கும். வெளியே இருட்டு முந்தி வருகிற காலமாக அந்தத் தேதி இருந்தால் மனசுக்கு ஒரு துணை. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் இந்தச் சடங்கைச் செய்கிறவர்கள் பலர் அதை ஏப்ரல் கடைசிக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கே குளிர் வருவது அப்போதுதான். தேதியை விட்டுப் பருவத்தைப் பிடித்துக்கொண்ட அவர்களுக்குப் பழமையைக் காட்டிலும் புத்தி அதிகம்.

அந்தக் காலி நாற்காலிக்கு வயது என்ன என்று கேட்காதீர்கள். அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள்.