மூக்கு ஒழுகினா 10 நாள் லீவா? பிள்ளை பார்க்கும் வீடுகளில் தினம் தினம் தகராறு!

சென்னை:

மழைக்காலம் வந்தாலே போதும்... பிள்ளை பார்க்கும் ஆயா வீட்டு வாசலில் காலை 7 மணிக்கே பஞ்சாயத்து ஆரம்பம்!

"இன்னும் சளி நிக்கலையே, ஏன் கூட்டியாந்தே?" என்பார் ஆயா. "நாலு நாள் லீவு போட்டாச்சு, இன்னிக்கும் போகலைன்னா வேலையே போயிடும்" என்பார் தாய். பக்கத்தில் நிற்கும் இன்னொரு தாயோ, "எம்புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பாக்கறது?" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வார்.

மூணு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் பிள்ளையின் மூக்கைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். சிக்கலே அங்கேதான்!

போர்டு இல்லாத காப்பகங்கள்

கண்ணகி நகர், பெரும்பாக்கம், வியாசர்பாடி போன்ற இடங்களில் இருந்து விடிந்ததும் பஸ் ஏறி வீட்டு வேலைக்கும், கடை வேலைக்கும், கம்பெனி வேலைக்கும் போகும் பெண்கள் ஏராளம். இவர்களில் பலருக்குக் கைகொடுப்பது பக்கத்து வீட்டு ஆயாதான். போர்டு கிடையாது, ரசீது கிடையாது. ஒரே ரூமில் நாலைந்து பிள்ளைகள்.

அங்கன்வாடி இருக்கே என்று கேட்கலாம். மாலை 6, 7 மணி வரை வேலை பார்க்கும் தாய்க்கு அந்த நேரம் போதாது. 50 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தில் திருத்தம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் அதனால் என்ன பயன்?

80 நாள் கணக்கு

சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம் என்கிறது மருத்துவம். நாலு பிள்ளைகளோடு சேர்ந்து வளரும் குழந்தைக்கு இன்னும் கூடவே வரும். ஒவ்வொரு தடவையும் 7 முதல் 10 நாள் வரை மூக்கு ஒழுகும். இருமல் 2, 3 வாரம் கூட இழுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சளி, தலா 10 நாள் என்றால் 80 நாள்! மூக்கு காயும் வரை வீட்டில் வைத்திருந்தால், தினக்கூலி 500 ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 40 ஆயிரம் ரூபாய் அம்போ. பிள்ளை வராத நாளுக்குக் காசு இல்லை என்றால் ஆயாவின் வீட்டிலும் அடுப்பு எரியாது.

சரி, அப்படி வீட்டில் வைத்திருந்தால் மற்ற பிள்ளைகள் தப்புவார்களா? அதுவும் இல்லை. சளிக் கிருமி அதிகமாகப் பரவுவது முதல் 2, 3 நாட்களில்தான். மூக்கு ஒழுகுவதற்கு முந்தைய நாளே பரவ ஆரம்பித்து விடும். எட்டாவது நாள் சளியோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது, திருடன் போன பிறகு கதவைப் பூட்டும் கதை!

அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதையேதான் சொல்கிறது. வெறும் சளிக்காக பிள்ளையைக் காப்பகத்தில் இருந்து நிறுத்தத் தேவையில்லை. பிள்ளை சோர்ந்து போய் விளையாடாமல் இருந்தாலோ, மற்ற பிள்ளைகளைக் கவனிக்க முடியாத அளவுக்கு அந்த ஒரு பிள்ளைக்கே கவனிப்பு தேவைப்பட்டாலோதான் நிறுத்த வேண்டும்.

மஞ்சள், பச்சை நிறத்தில் சளி வந்தால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. சளி சில நாளில் தானாகவே கெட்டியாகி நிறம் மாறும். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது.

உயிரைப் பறித்த சிரப்

இந்தத் தகராறில் ரொம்ப ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது. 'எப்படியாவது சளியை நிறுத்தணும்' என்ற அவசரத்தில் தாய்மார்கள் ஓடுவது மெடிக்கல் ஷாப்புக்கு. அங்கே கேட்டு வாங்குவது இருமல் சிரப்!

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப்பிரதேச மாநிலம் சிந்த்வாராவில் நடந்ததை மறக்க முடியுமா? சாதாரண சளி, இருமலுக்கு 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து பலியானார்கள். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட பிஞ்சுகள். அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்! தமிழக மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகள் சோதித்ததில் டை எத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. இங்கே விற்பனைக்கும் தடை போடப்பட்டது.

அதன் பிறகு மத்திய சுகாதாரத்துறை கண்டிப்பாகச் சொல்லி விட்டது. 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது. 5 வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை. கலப்படம் இல்லாத நல்ல சிரப்பும் சளியைச் சீக்கிரம் ஆற்றாது என்பதுதான் உண்மை.

காய்ச்சல் மருந்திலும் ஒரு கண்டம் இருக்கிறது. காலையில் பாராசிட்டமால் ஊற்றி, உடம்பு தணிந்ததும் பிள்ளையை விட்டு விட்டுப் போய் விடுகிறார்கள். மதியம் மறுபடி கொதிக்கிறது. விவரம் தெரியாத ஆயா இன்னொரு மூடி ஊற்றுகிறார். அளவு மீறினால் ஈரல் பாதிக்கும். மருந்து கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லி விட்டுப் போங்கள். மறைக்காதீர்கள்!

எப்போது அனுப்பக் கூடாது?

* காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் இருந்தால். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.
* வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால்.
* சாப்பிடாமல், விளையாடாமல் சுருண்டு கிடந்தால்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது? பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40. இந்த அளவையோ, அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தாமதம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

10 நாள் ஆகியும் சளி குறையாவிட்டாலும், குறைந்து மறுபடி கூடினாலும் டாக்டரிடம் போங்கள். 2 வாரத்துக்கு மேல் விடாத இருமலோடு எடையும் குறைந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி டெஸ்ட் எடுங்கள். காசு கிடையாது. ராத்திரி இருமலும் வீசிங்கும் அடிக்கடி வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம்.

ஆயா வீட்டில் என்ன செய்யலாம்?

ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் இருக்கும் ரூமில் கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. புகைதான் இருமலை இழுத்தடிக்கும். மூக்கு துடைத்த கையை சோப்பு போட்டுக் கழுவி விட்டுத்தான் அடுத்த பிள்ளைக்கு சோறு ஊட்ட வேண்டும். டம்ளரும் துண்டும் ஆளுக்கு ஒன்று.

மூக்கில் எண்ணெய் விடுவது, கற்பூரம் தேய்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து போதும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது!

இன்னொன்று, நிமோனியா தடுப்பூசி. 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என 3 தவணை. விடாமல் போட்டு விடுங்கள்.

முதலிலேயே பேசி விடுங்கள்

பிள்ளையைச் சேர்க்கும் முதல் நாளே தாயும் ஆயாவும் உட்கார்ந்து நாலு விஷயத்தைப் பேசி முடித்து விட்டால் வாசல் பஞ்சாயத்தே வராது. எதற்கு வரலாம், எதற்கு வரக்கூடாது, நடுவில் காய்ச்சல் வந்தால் யாருக்கு போன், வராத நாளுக்குப் பாதிக் காசா, முழுக் காசா?

சளி பிடித்த பிள்ளையைக் கொண்டு வரும் தாய் குற்றவாளி இல்லை. திருப்பி அனுப்பும் ஆயா கல்நெஞ்சக்காரியும் இல்லை. காய்ச்சலை மறைக்காத தாயும், மூக்கை மட்டும் பார்த்து விரட்டாத ஆயாவும் இருந்தால் பிள்ளையும் தப்பும், வேலையும் தப்பும்!