பெண்ணாடம் எங்கே போச்சு?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வாங்கிக்கொண்டு திருச்சி ரயிலில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் பெண்ணாடம் வந்துவிடும். அந்த ஊர் பிரளயகாலேஸ்வரர் கோயிலுக்குத் தேவாரத்தில் திருத்தூங்கானைமாடம் என்று பெயர். சம்பந்தர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார் (முதல் திருமுறை, 59). அப்பர் ஒன்று (நான்காம் திருமுறை, 109). சுந்தரர் பதிகம் கிடையாது.

தேவாரப் புத்தகங்களில் இரண்டு வரிசை உண்டு. பண் வாரியாக அடுக்கினால் பண்முறை, ஊர் வாரியாக அடுக்கினால் தலமுறை. அச்சில் இரண்டுக்கும் தனித்தனிப் புத்தகம் வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே கோப்பு போதும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியாக 2007-ல் ‘டிஜிட்டல் தேவாரம்’ வந்தது.

பைத்தான் பழகும் பிள்ளைகளும் சின்ன அளவில் இதைச் செய்து பார்க்கலாம். சம்பந்தருக்கு ஒரு லூப், அப்பருக்கு ஒன்று, சுந்தரருக்கு ஒன்று. லூப் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைத் தொடர். ஒவ்வொரு லூப்பும் தன் பதிகங்களின் விவரத்தை ஒரே ஜேசன் கோப்பில் எழுத வேண்டும்.

ஓட்டியாயிற்று. பிழை என்று ஒரு வரிகூடத் திரையில் வரவில்லை. கோப்பைத் திறந்து ‘பெண்ணாடம்’ என்று தேடினால் ஒன்றுமே இல்லை!

காரணம் எளிது. ‘டபிள்யூ’ முறையில் கோப்பைத் திறந்த அந்த நொடியே பழையதெல்லாம் அழிந்துவிடும். மொய் எழுதுபவர் அடுத்த தெருக்காரர்கள் வந்ததும் முன்பக்கத்தைக் கிழித்துப் போடுவது மாதிரி. கடைசியில் சுந்தரர் மட்டும் மிஞ்சினார். அவர்தான் பெண்ணாடத்தைப் பாடவில்லையே.

சரி, ‘ஏ’ முறையில் திறந்து கடைசியில் சேர்த்துக்கொண்டே போனால்? எதுவும் அழியாது, ஆனால் மூன்று பட்டியல்கள் ஒட்டாமல் அடுத்தடுத்து நிற்கும். ஜேசன் கோப்பு முழுவதும் ஒரே பொட்டலமாக இருக்க வேண்டும் என்பதால், திரும்பப் படிக்கும்போது நிரல் முரண்டு பிடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: லூப்புகள் தொடங்கும் முன்பே ஒரு காலிப் பட்டியல். மூன்று லூப்பும் அதிலேயே சேர்க்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு முறை கோப்பில் எழுதினால் போதும்.

ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியர், திருமுறை, எண், ஊர், பண் என்று அதே கட்டங்கள் இருக்க வேண்டும். சம்பந்தர் பதிகத்துக்குப் பண் பழந்தக்கராகம். அப்பருடையது திருவிருத்தம், அது யாப்பின் பெயர். அதற்காகப் பண் கட்டத்தையே நீக்கிவிடக் கூடாது, காலியாக விடலாம். இல்லாவிட்டால் பண் வாரியாக அடுக்கும்போது நிரல் அங்கேயே நின்றுவிடும்.

தமிழ் எழுத்துக்குப் பதில் சாய்கோடும் எண்ணுமாக வந்தால் பயப்பட வேண்டாம். ‘என்ஷூர் ஆஸ்கி’யை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, கோப்பை ‘யூடிஎஃப்-8’ முறையில் எழுதச் சொன்னால் தமிழ் தமிழாகவே வரும்.

இப்போது தேடினால் பெண்ணாடம் இரண்டு முறை வர வேண்டும். ஒன்றுதான் வருகிறதா? எங்கோ ஒரு பதிவில் ஊர்க் கட்டத்தில் ‘தூங்கானைமாடம்’ என்று இருக்கும், பாருங்கள்.