மூன்று வயதும் ஐம்பது வயதும்

என் அக்காள் மகன் ஜப்பானில், ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சொந்த ஊர் இராமநாதபுரம். சென்ற விடுமுறைக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்த என் எதிரில் ஒரு புகைப்படத்தை வைத்தான். பெண்ணின் படமாக இருக்கும் என்று எண்ணிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். அவனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது; அக்காள் அந்தக் கவலையிலேயே இளைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெண் இல்லை, கார். சிவப்பு நிறம், இரண்டே ஆசனம், மடக்கி வைக்கிற கூரை.

"மாஸ்டா ரோட்ஸ்டர், மாமா. 1994ஆம் வருஷத்து வண்டி. நானும் அந்த வருஷந்தான் பிறந்தேன். நம்ம ஊர்ல ஒரு சாதாரணப் புதுக் கார் வாங்குற பணந்தான் விலை. இதைக் கொண்டாந்து தனுஷ்கோடி ரோட்டில ஓட்டணும். சட்டம் என்ன சொல்லுதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

விசாரித்தேன். விசாரித்த பிறகு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் ஓடிய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர அரசாங்கம் விதித்திருக்கும் நிபந்தனைகளைக் கேளுங்கள். ஸ்டீரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முன்விளக்கின் ஒளி இடப்பக்கம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஜப்பானும் நம்மைப் போலவே இடப்பக்கம் செல்லும் தேசம். ஆகவே இந்த மூன்றிலும் அந்தச் சிவப்புக் கார் பிறவியிலேயே தேறிவிட்டது. நான்காவது நிபந்தனையில் விழுந்தது: காருக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம் என்ற ஐந்தாவது நிபந்தனைக்குப் போகவே அவசியமில்லாமல் போயிற்று.

பழைய வண்டியே கூடாது என்பது கொள்கையானால் நான் வாயை மூடிக்கொள்வேன். அப்படியும் இல்லை. 1950க்கு முன் செய்த கார்களுக்கு வெகுகாலமாகவே அனுமதி உண்டு. 2025இல் அந்த விதியைத் தளர்த்தி, ஐம்பது வயது நிரம்பிய எந்தக் காரும் வரலாம் என்றார்கள். 2021இல் வகுத்த விதிப்படி 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குப் பதிவும், 'வி.ஏ.' என்ற எழுத்துத் தாங்கிய தனி நம்பர் பலகையும் கிடைக்கும். கண்காட்சிக்கும் பந்தய ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் அதை வெளியே எடுக்கலாம். தினசரி உபயோகம் கூடாது.

ஆக, மூன்று வயதுக் குழந்தைக்கு இடம் உண்டு. ஐம்பது வயதுக் கிழவருக்கும் இடம் உண்டு. நாலு வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரை உள்ளவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். இப்படி ஒரு சத்திரத்தை எங்கேயாவது கண்டதுண்டா?

இந்த வயதுக் கணக்கால் யாருக்கு லாபம் என்று நான் கேட்கிறேன். புத்தம் புதிய அயல்நாட்டுக் காரை வாங்குகிறவனுக்குத் தடையே இல்லை. வருஷத்துக்கு 2,500 வண்டிகள் வரை இங்கே மாதிரிச் சோதனைகூட இல்லாமல் கொண்டுவரக் கம்பெனிகளுக்கு 2018இலிருந்து சலுகை உண்டு. ஐம்பது வயதுக் கார் என்றால், 1967இல் வந்த டொயோட்டா 2000 ஜிடி போன்ற வண்டி. உலகத்திலேயே சில நூறுதான் செய்யப்பட்டது. அதை வாங்குகிறவர் அரண்மனைக்காரராக இருக்க வேண்டும். கோடீசுவரனின் புதுக் காரும் வரலாம், கோடீசுவரனின் பழைய காரும் வரலாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்தவன் வாங்கக்கூடிய முப்பது வயதுக் கார் மட்டும் தேசத்துக்கு ஆகாது!

எதிர்க்கட்சி வாதங்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அயல்நாட்டுக் குப்பையெல்லாம் நம் தலையில் வந்து விழும் என்பது. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருஷத்திலும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும் 'ஷாகென்' என்ற கண்டிப்பான சோதனை. 13 வயது கடந்த பெட்ரோல் காருக்கு வரியும் அதிகம். இந்தச் செலவுக்கு அஞ்சித்தான் அங்கே நல்ல வண்டிகளைக்கூடக் கைவிடுகிறார்கள். அதையும் மீறி முப்பது வருஷம் ரோட்டில் இருக்கும் கார், ஒரு டஜன் தடவைக்கு மேல் பரீட்சை எழுதித் தேறிய கார். அது குப்பை அல்ல.

இரண்டாவது, புகை. இது மெய்யான ஆக்ஷேபம். 1994ஆம் வருஷத்து எஞ்சின் 2020இல் வந்த பி.எஸ். ஆறு அளவுக்குத் தேறாதுதான். ஆனால் 1994ஆம் வருஷத்து அம்பாசடர் தேறுமா? தமிழ்நாட்டில் பதினைந்து வருஷம் முடிந்ததும் அந்த அம்பாசடரைச் சோதித்து, ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக் கொடுக்கிறோமே! ஒரே வயது, ஒரே ரோடு, ஒரே காற்று. பிறந்த ஊர் மட்டும் வேறு என்பதால் ஒன்றின் புகை சாம்பிராணியாகவும் மற்றதன் புகை விஷமாகவும் ஆகிவிடுமா?

மூன்றாவது, அன்னியச் செலாவணி. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025இல்தான். டாலர் கரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். ஆகையால் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரம்பு வேறு, வயதைக் காட்டி அடியோடு மறுப்பது வேறு.

அதே இலங்கையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. யுத்தகாலத்தில், 1990களில் பெட்ரோல் தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்து மனிதர்கள் பழைய மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்; கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல். பழைய எஞ்சினின் ஆயுள் அதைத் தொடுகிற கையில் இருக்கிறது. எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் பாயிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "போனட்டைத் தொறந்தா எஞ்சின் கண்ணுக்குத் தெரியிற வண்டிதானே சார்? கொண்டாரச் சொல்லுங்க, பார்த்துக்கலாம்" என்றார்.

உண்மையில் அவர் பயந்தது வேறொன்றுக்கு. "உப்புக் காத்துதான் சார் எமன். அடித்தட்டைப் பார்த்து வாங்கச் சொல்லுங்க." 1914இல் கட்டிய பாம்பன் இரும்புப் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று அது. வண்டியின் அடித்தட்டைத் தட்டிப் பார்க்கிற சோதனையை ஏற்படுத்துங்கள். பிறந்த தேதியைப் பார்ப்பது சோதனை ஆகாது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தரகர் முளைத்தார். "இறக்குமதியே வேண்டாம் சார். வேறு மாநிலத்துக் காகிதத்தோடு வண்டி வரும். நம்பர் மாத்தினா முடிஞ்சுது" என்றார் என் மருமகனிடம். இது புதிய வித்தை அல்ல. 2025 செப்டம்பரில் சுங்கத் துறையினர் 'நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் சோதனைகள் நடத்தினார்கள்; பூடானிலிருந்து பழைய கார்களைக் கடத்தி, பொய்க் காகிதத்தில் பதிந்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

எங்கள் கடற்கரைக்கு இந்தக் கதை மனப்பாடம். 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தங்கம் நின்றதா? படகில் வந்தது. 1990இல் சட்டத்தை நீக்கி, பிறகு முறையாகக் கொண்டுவர வழி திறந்ததும் கடத்தலின் ருசி குறைந்தது. 2013இல் தீர்வையைப் பத்து சதவிகிதமாக்கிய பின் பழைய வியாபாரம் திரும்பியது. 2023இல் மண்டபத்துக் கடலில் வீசியெறிந்த தங்கத்தை ஆள் மூழ்கி எடுக்க வேண்டியதாயிற்று. ஆசையைச் சட்டம் கொல்வதில்லை. முன்வாசலை அடைத்தால் அது கொல்லைப்புறம் போகிறது. அங்கே நிற்பவன் தரகன்.

அமெரிக்கா இருபத்தைந்து வயதுக் காருக்கும் கனடா பதினைந்து வயதுக் காருக்கும் வழி விடுகின்றன. அவர்கள் நம்மைவிடப் புத்தி குறைந்தவர்களா? இருபத்தைந்து வயது, ஆளுக்கு ஒரே கார், ஐந்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, நாடு முழுவதற்கும் வருஷத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு, இரண்டு வருஷத்துக்கு ஒரு சோதனை, காரின் விலையையே விழுங்கிவிடாத தீர்வை, மும்பையோடு சென்னையும் தூத்துக்குடியும். இவ்வளவுதான் நான் கேட்பது. விளையாட்டுக் காருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். கார் விளையாட்டாக இருக்கலாம். பணக்காரனின் ஆசைக்கு ஒரு சட்டமும் உழைப்பவனின் ஆசைக்கு ஒரு சட்டமும் இருப்பது விளையாட்டு அல்ல.

தரகரை நாங்கள் திருப்பி அனுப்பிவிட்டோம். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மருமகன் என்னைத் தன் தகப்பனாரின் பழைய காரில் அரிச்சல்முனைக்கு அழைத்துப் போனான். 2017இல் திறந்த அந்த ரோட்டில், ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல். நடுவில் நேராகத் தார்ச்சாலை.

"இப்போதைய சட்டப்படி 2044இல் கொண்டாரலாம், மாமா. எனக்கும் அதுக்கும் அம்பது வயசு" என்றான்.

"அதுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கோடா. வண்டியில இரண்டு ஸீட் இருக்கு" என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.