சப்பாத்திக்கள்ளிப் பழமும் நம் பஞ்சாயத்தும்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மன்றக் கூடத்தில் படம் காட்டுகிறோம். அந்த வரிசையில் ‘சபர் போண்டா’ என்னும் மராத்திப் படத்தையும் காட்டலாம் என்று சென்ற செயற்குழுவில் யோசனை வைத்தோம். எதைப் பற்றிய படம் என்று கேட்டார்கள். இரண்டு ஆண்களுக்கு இடையே உள்ள காதலைப் பற்றியது என்றோம். அன்று அதற்குமேல் வேறு எந்தப் பொருளையும் எடுக்க முடியவில்லை. ரேஷன் கார்டு விண்ணப்பங்கள்கூட மறுவாரத்துக்குத் தள்ளிப் போயின.

“இதெல்லாம் பணக்கார வீட்டு விவகாரம், நம்மைப் போன்ற உழைக்கிற ஜனங்களுக்கு எதற்கு?” என்றார் ஒரு மூத்த தோழர். “பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்” என்றார் இன்னொருவர். “குடிசை போகுமா நிற்குமா என்று தெரியாமல் கிடக்கிறோம், இப்போது சினிமாவா?” என்றார் மூன்றாமவர். மூவரும் நாம் மதிப்பவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பதிலை மறைவில் சொல்லாமல் பத்திரிகையிலேயே சொல்கிறோம்.

முதலில் படத்தைப் பற்றி. மும்பையில் கால் சென்டரில் வேலை பார்க்கும் ஆனந்த் என்ற இளைஞனின் தகப்பனார் இறந்து போகிறார். காரியத்துக்காகத் தாயும் மகனும் சொந்த கிராமத்துக்குப் போகிறார்கள். பத்து நாள் துக்கம். அதைச் செய்யாதே, இதைத் தொடாதே என்று உறவினர் வகுக்கும் விதிகள் ஒருபுறம். “வயது முப்பதாகிறது, எப்போது கல்யாணம்?” என்ற நச்சரிப்பு மறுபுறம். இதற்கு நடுவில் பால்ய நண்பன் பால்யாவைச் சந்திக்கிறான். அவன் விவசாயி. அவனுக்கும் வீட்டில் பெண் பார்க்கிறார்கள். இருவருக்கும் நடுவில் உள்ள அன்பைப் படம் அவசரமில்லாமல் சொல்கிறது. மிச்சக் கதையை நாம் சொல்லப் போவதில்லை.

எழுதி இயக்கிய ரோகன் பரசுராம் கானவடே மும்பைக் குடிசைப் பகுதியில் பிறந்தவர்; தந்தை கார் ஓட்டுநர். தம் தந்தை இறந்தபோது ஊரில் கழித்த துக்க நாட்களிலிருந்தே இந்தக் கதையை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் படவிழாவில் உலக சினிமாக் கதைப்படப் பிரிவின் முதல் பரிசு இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று இங்கே கொட்டகைகளுக்கு வந்தது. பணக்கார வீட்டு விவகாரம் என்று சொன்ன தோழர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் பக்கத்து சந்தில் பிறந்த ஒரு டிரைவரின் மகன் எடுத்த படம் இது.

சபர் போண்டா என்றால் என்ன தெரியுமா? சப்பாத்திக்கள்ளிப் பழம். நெல்லைச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரையில் தேய்த்து முள்ளைப் போக்கிவிட்டுத் தின்றிருக்கிறோம். நாக்கெல்லாம் சிவந்து வீட்டில் அடியும் வாங்கியிருக்கிறோம். பால்யா அந்தப் பழத்தைத்தான் ஆனந்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறான்.

இனி, சொல்ல வெட்கப்படும் விஷயத்துக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பேட்டையைச் சேர்ந்த ஒரு தாய், மகன் கல்யாணத்துக்குச் சம்மதிக்க மறுக்கிறான் என்று மன்றத்துக்கு வந்தார். நாம் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினோம். அவன் தலை குனிந்து, “எனக்கு அது முடியாது, அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னான். ஏன் என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லும்படியான சபை அது இல்லை. பெற்றவள் கண்ணீரைப் பார், பொறுப்பாக இரு என்று உபதேசித்தோம். ஊரில் தேதி குறித்தார்கள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பையன் காணாமல் போனான். அந்தத் தாய் மறுபடியும் நம்மிடம்தான் வந்தார். “ரயில்வேயில் இருக்கிறீர்களே, எந்த வண்டியில் போனான் என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். முன்பதிவுப் பட்டியலில் எந்தப் பெயரை நாம் தேடுவது? முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவனுக்கு ஏது பெயர்?

ஆறு மாதம் கழித்து வேறொரு நகரத்திலிருந்து அவன் தாய்க்குத் தொலைபேசியில் பேசினான். உயிரோடு இருக்கிறான், வேலை பார்க்கிறான். அவ்வளவுதான் நாம் எழுதலாம். பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று பயப்படும் தோழருக்குச் சொல்கிறோம்: அந்தப் பையன் இந்த மாதிரிப் படம் ஒன்றைக்கூடப் பார்த்தவனில்லை. அவன் வீட்டை விட்டுப் போனதற்குப் படம் காரணமில்லை. நம் பஞ்சாயத்துதான் காரணம்.

அந்தக் கல்யாணம் நடந்திருந்தால்? இதற்கு விடை வேண்டுமானால் ‘காதல் – தி கோர்’ என்ற மலையாளப் படத்தைப் பாருங்கள். ஜியோ பேபி இயக்கியது. 2023-இல் கோவா சர்வதேசப் படவிழாவிலும் கேரளப் படவிழாவிலும் காட்டப்பட்டது. உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் மாத்யூவாக மம்மூட்டி நடிக்கிறார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ஓமனா விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போகிறாள். அந்த வேடத்தில் நம் ஜோதிகா. பெரிய நட்சத்திரம் தம் சொந்தக் கம்பெனியில் எடுத்த படத்தைச் சிறு படம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறோம். காரணம், வற்புறுத்திச் செய்து வைக்கும் கல்யாணத்தில் அழிவது ஆண் ஒருவனின் வாழ்வு மட்டுமல்ல என்பதை இதைப் போல வேறு படம் சொல்லி நாம் பார்த்ததில்லை. ஊரில் நாம் பேசி முடித்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே பார்த்தோம். தப்பித்தாள்.

தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய ‘காதல் என்பது பொதுவுடைமை’ இருக்கிறது. 2023 கோவா விழாவின் இந்தியப் பனோரமாவில் இடம்பெற்றும், கொட்டகைக்கு வர 2025 பிப்ரவரி 14 வரை காத்திருந்தது. மகள் காதலிக்கிறாள் என்றதும் தாய் மகிழ்ந்து வரச்சொல்கிறாள். வந்து நிற்பது இன்னொரு பெண். முற்போக்கு பேசும் தாயாக ரோகிணி. மேடையில் பேசுவது ஒன்று, வீட்டு வாசலில் வந்து நிற்பது வேறொன்று என்று அந்த முகத்தில் தெரிகிறது. மேடை ஏறும் நமக்கும் அது உறைக்கும். குறையும் உண்டு. பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் பேச்சாகவே போகிறது, நாடகம் பார்ப்பது போல. அந்த வீடும் வசதியான வீடு. மூடிக்கொள்ள ஓர் அறையும் கதவும் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு சாத்தியம். பத்துக்குப் பத்தில் ஆறு பேர் படுக்கும் நம் வீடுகளில் இதை எங்கே வைத்துப் பேசுவது? அப்படி ஒரு தமிழ்ப்படம் இன்னும் வர வேண்டும்.

இன்னொன்று, ‘நானு அவனல்ல அவளு’. 2015-இல் வந்த கன்னடப் படம், இயக்குநர் லிங்கதேவரு. நம் லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய ‘நான் வித்யா’ என்ற தன்வரலாற்றிலிருந்து எடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து புனே வந்து கையேந்திப் பிழைத்த திருநங்கையின் கதை. நாயகனாக நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தினமும் லோக்கல் வண்டியில் கைதட்டல் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அவர்களில் எத்தனை பேர் நம் ஊர்க்காரர்கள் என்று யோசித்ததுண்டா?

இந்தப் படங்கள் நம் கண்ணில் பட்டதே படவிழாக்களால்தான். வாங்கி வெளியிட ஆளில்லாத படத்துக்கு விழாதான் முதல் கொட்டகை. மும்பையில் 2010 முதல் ‘கஷிஷ்’ என்ற விழா நடக்கிறது; ஸ்ரீதர் ரங்கையன் நிறுவியது. அவர் எடுத்த ‘குலாபி ஆயினா’ படத்துக்குத் தணிக்கைக் குழு சான்றிதழ் தரவே மறுத்தது. படத்தைக் காட்ட இடமில்லாதவர், காட்டும் இடத்தையே உண்டாக்கினார். மரைன் லைன்ஸ் பக்கத்து லிபர்ட்டி கொட்டகையில் இந்த விழா நடந்திருக்கிறது. ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ நூறு வாரத்துக்கு மேல் ஓடிய அதே லிபர்ட்டி. சென்னையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் இத்தகைய விழாக்கள் உண்டு. அங்குள்ள வாசகர்கள் போய்ப் பார்க்கலாம். விழாவில் காட்டுவதெல்லாம் நல்ல படம் என்று நாம் சொல்லவில்லை. கண்ணீரை மட்டும் நம்பி எடுத்த குறும்படங்கள் நிறைய, பாதியில் எழுந்து போகத் தோன்றும். ஆனால் ஐந்தில் ஒன்று தேறினால் போதும் என்பது நம் கணக்கு.

இதே மும்பையில் 1998 டிசம்பரில் ‘ஃபயர்’ படம் ஓடிய கொட்டகைகளை அடித்து நொறுக்கினார்கள். பண்பாட்டுக்கு விரோதமாம். அடித்தவர்கள் சிவசேனைக்காரர்கள். 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டார் ஓட்டல்களையும் கடைகளையும் தாக்கிய அதே கட்சி. அப்போது நம் தகப்பன்மார் தமிழ் வாயைத் திறக்காமல் ரயிலில் போனார்கள். யார் இங்கே வாழலாம், யார் வாழக்கூடாது என்று கம்போடு தீர்மானிப்பவன் நம்மோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். ஒளிந்து வாழ்வது என்னவென்று நமக்குத் தெரியும். தெரிந்த நாமே இன்னொருவனை ஒளிந்து வாழ் என்று சொல்லலாமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம், பல வீடுகளில் இன்னும் தெரியாது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்களின் தன்பால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. கல்யாண உரிமையை 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தர மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், பெற்றோர் அடைத்து வைத்திருந்த ஓர் இளம்பெண்ணின் வழக்கில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லி அவளை அவள் விருப்பப்படி போக அனுமதித்தது. வயது வந்த பிள்ளையைப் பூட்டி வைப்பது இனி வீட்டுக் காரியமல்ல, தோழர்களே.

குடிசைப் பிரச்சினையைச் சொன்ன தோழருக்கு ஒரு வார்த்தை. மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்பு வந்தபோது, வீட்டை விட்டு ஓடிய அந்தப் பையனின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று அந்தத் தாய் நம்மிடம் கேட்டார். எழுதுங்கள் என்றோம்.

‘சபர் போண்டா’வைக் கூடத்தில் காட்ட உரிய அனுமதி கேட்டுத் தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறோம். வந்ததும் தேதி அறிவிப்போம். வசனம் மராத்தி, நம் பிள்ளைகளுக்குப் புரியும். பெரியவர்களுக்கு முன்வரிசையில் இருந்து ஒருவர் எடுத்துச் சொல்வார். எதிர்ப்பு இருப்பவர்கள் மன்றத்துக்கு எழுதலாம், அதையும் வெளியிடுவோம். அந்தத் தாய்க்கு ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்திருக்கிறோம். தாம் தனியாக வரவில்லை, அன்றைக்கு மகனுக்கு லீவு கிடைக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.