காதுக்கு ஈயம், கதைக்கு வேலி

அதிராம்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் ஊசி, பாசி விற்கிற நரிக்குறவர்களிடம் பைபிள் கதை சொல்வது பற்றி ரெண்டு விதமான பேச்சு கேட்கிறேன். "எழுதப் படிக்கத் தெரியாத சனம், கதை சொல்லி ஏமாத்துறானுங்க" என்கிறான் காவிக்காரன். "ஒண்ணும் தெரியாத சனம், நாமதான் சொல்லித் தரணும்" என்கிறார் போதகர். ரெண்டு பேருக்கும் அந்த மக்கள் வெறும் பானை. சண்டையெல்லாம் எதை ஊற்றுவது என்பதில்தான்.

முதலில் காவிக்காரனுக்கு. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயமும் அரக்கும் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். இன்றைக்கு ஈயம் காய்ச்ச முடியாது. அதனால் சாதிச் சான்றிதழைக் காட்டி மிரட்டுகிறான். 1950 ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையின் 3 ஆம் பத்தி தலித் கிறிஸ்தவனுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. பழங்குடிக்கு அப்படி மதத் தடை இல்லை. நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் ஏறியதே 2023 இல்தான். மதம் மாறிய பழங்குடியைப் பட்டியலை விட்டு நீக்கு என்று சங்கப் பரிவாரம் கூச்சல் போடுவது, அந்தத் தடையை இங்கேயும் கொண்டு வரத்தான். எவன் காதுக்கு எவன்டா காவல்?

இனி போதகருக்கு. அவர்கள் பேசும் வாக்ரிபோலிக்குத் தனி எழுத்து கிடையாது. அது ஊனமா? ஏசுவே ஒரு புத்தகமும் எழுதவில்லை. நடந்து நடந்து சொன்னார். கேட்டவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி, பல வருஷம் கழித்துத்தான் அது ஏட்டில் ஏறியது. சத்திரத்தில் இடமில்லாமல் பிறந்த பிள்ளையின் கதையை, பஸ் ஸ்டாண்டில் பிள்ளை பெத்தவளுக்கு நீங்கள் விளக்கப் போகிறீர்களா? அவள் உங்களுக்கு விளக்குவாள் ஐயா.

அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வருகிற சாமி மூட்டையைப் பிசாசு என்று தூக்கி எறியச் சொல்லாதீர்கள். 1911 ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், சென்னை மாகாணத்தில் எருக்குலரை அடைத்து வைத்த ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பை நடத்தியது இரட்சணிய சேனை. வேலிக்குள் அடைத்துவிட்டுச் சொன்ன வேதம் யாருக்கு விடுதலை?

கதை போகட்டும். வாக்ரிபோலியில், அவர்கள் வாயிலேயே போகட்டும். அவர்கள் மாற்றிச் சொல்லட்டும், மறுத்தும் சொல்லட்டும். தோழர்களே, சான்றிதழுக்குத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் அவர்களோடு நில்லுங்கள். கூடாரத்துக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். முதல் கதையை அவர்கள் சொல்லட்டும்.