கண்ணிலார்க்குக் கணக்கு எதற்கு?

எண்ணும் எழுத்துமே கண் என்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் மேடைதோறும் முழங்கும் நமது பெரியோர்கள், உண்மையிலேயே கண்ணிழந்த பிள்ளையொன்று எதிரே வந்து நின்றால் மட்டும், "இதற்குக் கணக்கு எதற்கு? பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் போதாதா?" என்கிறார்கள். பிறந்த நாளன்று ஒரு வேளைச் சோறு போட்டுப் படம் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் தர்மமாம்! நாம் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை.

லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர் 1829இல் வெளியிட்ட முறையில் உள்ளவை ஆறே புள்ளிகள். முதற்புள்ளி தனித்து நின்றால் தமிழில் அது 'அ'. எண்குறி முன்னே வந்தால் அதுவே 1. ஆறு புள்ளிகளால் 63 வடிவங்களுக்கு மேல் ஆக்க முடியாதாகையால், கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் தனி விதிகள் வேண்டியிருக்கின்றன. அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கும் பின்னத்தை இங்கே ஒரே வரியில் படுக்கவைக்க வேண்டும். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று குறியிடாவிட்டால் விடையே வேறாகிவிடும். ரசாயனத்தைப் பாருங்கள்: 'சி', 'ஓ' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் பெரியனவாயின் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வாயு, பின்னது சிறியதாயின் கோபால்ட் என்னும் உலோகம். பெரிய எழுத்தென்று காட்டுவது ஆறாம் புள்ளி. அதை விட்டுவிட்டவர் என்ன புண்ணியம் செய்தவராவார்? ஆகவே நல்ல மனமும் ஆறு விசைப் பொறியும் மட்டும் போதா. பெயர்த்தெழுதுவோர்க்குக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆப்ரஹாம் நெமத் என்பவர் 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர்; பிறவியிலேயே பார்வையற்றவர். கணக்கு உமக்கு ஆகாதென்று சொல்லி அவரை மனோதத்துவம் படிக்கச் செய்தனர். (அங்கும் நமது பெரியோர்கள் இருந்திருக்கிறார்கள் போலும்!) அவரோ கணக்குக்கே திரும்பிப் பேராசிரியரானார். அவர் வகுத்த கணக்குப் பிரெயில் விதிகள் 1952இல் வெளிவந்தன.

மலாயாவிலும் 1926இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர் பினாங்குக்குப் பெயர்ந்த செயின்ட் நிக்கலஸ் இல்லமும், 1948இல் ஜொகூர் பாருவில் எழுந்த பள்ளியும் எழுத்தறிவித்தன. 2008ஆம் ஆண்டு மலேசியச் சட்டம், பிரெயில் கற்க வழி செய்ய வேண்டுமென்கிறது. சட்டம் புள்ளி குத்துமா?

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் பாலை நிறுத்துக் கிராணி எழுதியதே கணக்கு என்று தலை குனிந்து நின்ற தலைமுறையின் வயிற்றில் பிறந்தவர்கள் நாம். கணக்கறியாதவன் பிறன் கணக்கிலேயே வாழ வேண்டும் என்பது நமக்கா புதிது? தோட்டம் போயிற்று, கிராணியும் போனான். அந்த நிறுவைக் கொட்டகையில் இன்று கண்ணிலாப் பிள்ளையை நாமே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஓய்வூதியம் பெற்றுக் காப்பிக் கடையில் அரசியல் பேசும் கணக்காசிரியர்கள் ஈப்போவில் எத்தனை பேர்! அவர்கள் இவ்விதிகளைக் கற்று, ஒரு வகுப்புப் பாடநூலையேனும் பெயர்த்தெழுத முன்வருவார்களா? சோறு போட வருவோர் அவர்களுக்குக் கெட்டிக் காகிதம் வாங்கிக் கொடுக்கட்டும்.